ஆறப்போட்டே ஆண்டவர்: ரஹோய் காலத்து ஸ்பெயின்

2012 ஜூன் 9, சனிக்கிழமை. தள்ளாடிக்கொண்டிருந்த ஸ்பெயின் வங்கிகளைத் தூக்கி நிறுத்த யூரோ நாடுகளிடம் 10,000 கோடி யூரோ வரை கடன் கேட்கப்போவதாக அந்நாட்டுப் பொருளாதார அமைச்சர் லூயிஸ் தெ கிந்தோஸ் அறிவித்தார். பிரதமர் மரியானோ ரஹோய் அன்று வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை பத்திரிகையாளர்களிடம் வந்து, இது மீட்புக் கடனே அல்ல, வங்கிகளுக்கான கடன் வசதிதான் என்றார். பிரச்சினை தீர்ந்துவிட்டதால் போலந்துக்குப் போகிறேன் என்றும் சொன்னார். போலந்தில் ஐரோப்பியக் கோப்பைக் கால்பந்து நடந்துகொண்டிருந்தது. அன்று மாலை கிதான்ஸ்க் மைதானத்தில் ஸ்பெயினும் இத்தாலியும் ஆளுக்கொரு கோல் போட்டு ஆட்டம் சமனில் முடிந்ததை அவர் கேலரியில் உட்கார்ந்து பார்த்தார்.

மரியானோ ரஹோயை எதிரிகள் சோம்பேறி என்பார்கள். கட்சிக்காரர்கள் நிதானஸ்தர் என்பார்கள். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் உள்ள கலீசியாக்காரர். கலீசியாக்காரரை மாடிப்படியில் சந்தித்தால் ஏறுகிறாரா இறங்குகிறாரா என்று சொல்ல முடியாது என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. 24 வயதிலேயே கடினமான போட்டித் தேர்வில் தேறிச் சொத்துப் பதிவாளரானவர். 2011 டிசம்பரிலிருந்து 2018 ஜூன் வரை ஆறரை ஆண்டு அவர் ஆட்சி. அதற்குள் ஒரு மன்னர் முடிதுறந்தார், பாஸ்க் தனிநாடு கேட்ட ஏட்டா ஆயுதக் குழு தன்னைக் கலைத்துக்கொண்டது, இரு கட்சி ஆட்சிமுறை உடைந்தது, கேட்டலோனியா மாகாணம் தன்னைத் தனிநாடு என்று அறிவித்தது. இத்தனைக்கும் நடுவே அவர் கையாண்டது ஒரே முறைதான்: ஆறப்போடுவது, ஆறாததை வேறொருவர் தலையில் கட்டுவது. பொருளாதாரத்தைப் பிராங்க்பர்ட்டில் உள்ள ஐரோப்பிய மத்திய வங்கியிடமும், கேட்டலோனியாவை நீதிபதிகளிடமும், கட்சியின் ஊழலைக் காலத்திடமும் விட்டார். முதலாவது ஓரளவு பலித்தது. மற்ற இரண்டும் அவரையும் கட்சியையும் எங்கே கொண்டுபோய் விட்டன என்பதுதான் இன்றைய ஸ்பெயின் வலதுசாரி அரசியலின் கதை.

அந்தக் கட்சியைப் பற்றிக் கொஞ்சம். சர்வாதிகாரி பிராங்கோ 1975-ல் இறந்த மறு ஆண்டு, அவரிடம் அமைச்சராக இருந்த மனுவேல் ஃபிராகா தொடங்கிய அமைப்பு 1989-ல் 'மக்கள் கட்சி' என்று புதுப் பெயர் பெற்றது. கத்தோலிக்க மிதவாதிகள், சந்தைப் பொருளாதாரவாதிகள், பழைய ஆட்சியை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் என வலதுசாரிகள் அத்தனை பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அதன் பலமும் அதுதான். 1996-ல் ஹோசே மரியா அஸ்னார் 350 இடங்களில் 156 மட்டும் வென்று பிரதமரானார். பெரும்பான்மை எங்கிருந்து வந்தது? கேட்டலோனியத் தேசியவாதி ஜோர்டி புஜோலின் கட்சியிடமிருந்து 16, பாஸ்க் தேசியக் கட்சியிடமிருந்து 5, கானரித் தீவுகளின் கட்சியிடமிருந்து 4. பார்சிலோனாவின் மஜெஸ்டிக் ஹோட்டலில் விருந்து வைத்து முடிந்த பேரம் அது. வருமான வரியில் 30 சதவீதம் மாகாணங்களுக்குப் போனது. மாட்ரிட்டின் வலதுசாரியும் பார்சிலோனாவின் தேசியவாதியும் ஒரே மேசையில் கைகுலுக்கிய காலம் ஒன்று இருந்தது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்ததெல்லாம் அதற்கு நேரெதிர்.

2003-ல் அஸ்னார் தன் வாரிசாக ரஹோயைக் கைகாட்டினார். மறு ஆண்டு தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 11 அன்று, மாட்ரிட் ரயில்களில் குண்டுகள் வெடித்து 190-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். செய்தது ஏட்டாதான் என்று அரசு அடம்பிடித்தது. உண்மையில் செய்தவர்கள் இஸ்லாமிய தீவிரவாதிகள். ரஹோய் தோற்றார். 2008-ல் மறுபடி தோற்றார். வேறொருவர் என்றால் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். கட்சிக்குள் கலகம் வந்தபோதும் அவர் நாற்காலியை விட்டு அசையவில்லை. எதிரிகள் ஓய்ந்தார்கள், பொருளாதாரம் சரிந்தது, சோஷலிஸ்ட் பிரதமர் சபாதேரோ மக்கள் வெறுப்பில் மூழ்கினார். 2011 நவம்பர் 20-ல் மக்கள் கட்சிக்கு 186 இடம். அதன் வரலாற்றிலேயே பெரிய வெற்றி. காத்திருந்தால் எல்லாம் வரும் என்ற பாடத்தை ரஹோய் அன்று கற்றார் என்றே நினைக்கிறேன். அதை அவர் பிறகு மறக்கவேயில்லை.

கைக்கு வந்த நாடோ கடனில் இருந்தது. பத்தாண்டுகளாகக் கட்டிக்கொண்டே போன வீடுகள் விற்காமல் நின்றன. வேலையில்லாதவர் விகிதம் 22 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. வரியை உயர்த்த மாட்டேன், சோஷலிஸ்டுகள் குழந்தைகளின் மிட்டாய்க்குக்கூட வரி போடுகிறார்கள் என்று மேடையில் பேசியவர், பதவியேற்ற பத்தே நாளில் வருமான வரியை உயர்த்தினார். 2012 ஜூலை 11-ல் நாடாளுமன்றத்தில் எழுந்து 6,500 கோடி யூரோவுக்கான சிக்கனத் திட்டத்தை வாசித்தார். மதிப்புக் கூட்டு வரி 18-லிருந்து 21 சதவீதம். அரசு ஊழியர்களுக்கு அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் போனஸ் இல்லை. ஏழாவது மாதத்திலிருந்து வேலையிழந்தோர் உதவித்தொகை வெட்டு. வெட்டு ஒவ்வொன்றுக்கும் ஆளுங்கட்சி பெஞ்சுகளில் கைதட்டல். அந்தக் கைதட்டலுக்கு நடுவே ஆளுங்கட்சி உறுப்பினர் ஆண்ட்ரியா ஃபாப்ரா 'நாசமாய்ப் போகட்டும்' என்ற பொருளில் ஒரு கெட்ட வார்த்தையை உரக்கச் சொன்னார். வேலையில்லாதவர்களைச் சொல்லவில்லை, எதிர்க்கட்சியைத்தான் சொன்னேன் என்று பிறகு விளக்கம் தந்தார். யார் நம்பினார்கள்? அதே நாளில் அஸ்தூரியாஸ், லெயோன் பகுதிகளிலிருந்து நடந்தே வந்திருந்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் மாட்ரிட் தெருக்களில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார்கள்.

அந்த ஆண்டின் இன்னொரு பெரிய மாற்றம் தொழிலாளர் சட்டம். காரணமின்றி வேலையைவிட்டு நீக்கினால் பணியாற்றிய ஒவ்வொரு ஆண்டுக்கும் 45 நாள் சம்பளம் தர வேண்டும் என்றிருந்தது. அது 33 நாளானது. நிறுவனம் நஷ்டத்தைக் காட்டினால் 20 நாள் போதும். துறை முழுவதற்குமான தொழிற்சங்க ஒப்பந்தத்தைவிடத் தனி நிறுவனம் போட்டுக்கொள்ளும் ஒப்பந்தமே செல்லும் என்ற விதிதான் ஆழமானது. தொழிற்சங்கத்தின் பேரம் பேசும் கை அதோடு முறிந்தது. 2013 தொடக்கத்தில் வேலையில்லாதோர் 62 லட்சம்; கிட்டத்தட்ட 27 சதவீதம். வேலை தேடிய இளைஞர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு வேலை கிடைக்கவில்லை. படித்த பிள்ளைகள் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் கிளம்பினார்கள்.

பிறகு பொருளாதாரம் மீண்டது, மறுப்பதற்கில்லை. 2015 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 3 சதவீதம் அளவுக்கு வளர்ச்சி, ரஹோய் போகும்போது வேலையின்மை சுமார் 15 சதவீதம். இதில் அவர் பங்கு எவ்வளவு? 2012 ஜூலையில் ஸ்பெயின் அரசுப் பத்திரங்களின் வட்டி 7 சதவீதத்தைத் தாண்டி, நாடே திவாலாகும் என்ற பேச்சு எழுந்தது. முழு மீட்புக் கடன் வாங்கிவிடுங்கள் என்று நாலாபக்கமும் நெருக்கினார்கள். ரஹோய் பதில் சொல்லாமல் இழுத்தடித்தார். அந்த மாதம் 26-ல் ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர் மரியோ டிராகி யூரோவைக் காக்க எதையும் செய்வோம் என்றார். வட்டி இறங்கத் தொடங்கியது. கிரேக்கமும் போர்ச்சுகலும் பட்ட அவமானத்திலிருந்து ஸ்பெயின் தப்பியது. கேட்ட 10,000 கோடியில் சுமார் 4,100 கோடிதான் எடுத்தார்கள். எண்ணெய் விலை சரிந்ததும், சுற்றுலாப் பயணிகள் ஆண்டுக்கு 8 கோடியைத் தாண்டியதும் கைகொடுத்தன. அவர் அவசரப்பட்டிருந்தால் நிலைமை மோசமாகியிருக்கும் என்று சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கிடைத்த வேலைகளில் பெரும்பகுதி தற்காலிக வேலை. ஓய்வூதியச் சேமநிதியில் இருந்த 6,600 கோடி யூரோவுக்கு மேற்பட்ட தொகை கரைந்து 2017 முடிவில் சுமார் 800 கோடியாக நின்றது. அரசுக் கடன் நாட்டின் மொத்த உற்பத்தியில் 70 சதவீதத்திலிருந்து 100 சதவீதத்தை ஒட்டி வந்தது.

புள்ளிவிவரத்தில் வராதது மக்கள் மனதில் தங்கியது. அங்கே வீட்டுக்கடன் கட்ட முடியாதவர் வீட்டை வங்கியிடம் ஒப்படைத்தாலும் கடன் தீராது. வீடும் போகும், மிச்சக் கடனும் ஆயுளுக்கும் தொடரும். இதை மாற்றக்கோரி சுமார் 14 லட்சம் பேர் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்துக்கு வந்தது. அந்த இயக்கத்தின் முகமாக இருந்த அடா கொலாவ், 2013-ல் நாடாளுமன்றக் குழு முன்பு வங்கிகள் சங்கப் பிரதிநிதி பேசியதும் அவரைக் குற்றவாளி என்று முகத்துக்கு நேரே சொன்னார். இரண்டே ஆண்டில் அவர் பார்சிலோனா மேயர். இன்னொரு பக்கம் பாங்கியா வங்கி. அதன் தலைவர் ரோட்ரிகோ ராட்டோ அஸ்னாரின் பொருளாதார அமைச்சர், பிறகு சர்வதேச நாணய நிதியத்தின் தலைவர். மக்கள் கட்சியின் பொருளாதார மேதை. 2011-க்கு லாபக் கணக்குக் காட்டிய அந்த வங்கியைச் சில மாதங்களில் அரசு எடுத்துக்கொண்டபோது அதே ஆண்டுக்கு ஏறக்குறைய 300 கோடி யூரோ நஷ்டம் தெரிந்தது. வங்கி இயக்குநர்கள் வரிக் கணக்கில் வராத கடன் அட்டைகளை வைத்து உணவகம், நகை, உல்லாசப் பயணம் என்று செலவழித்தது பிறகு வெளிவந்தது. ராட்டோ சிறைக்குப் போனார். 2011 மே 15-ல் மாட்ரிட்டின் சோல் சதுக்கத்தில் கூடாரமடித்த கோபம் 2014-ல் பொடேமோஸ் என்ற இடதுசாரிக் கட்சியானது. வலப்பக்கம் சுத்தமான மாற்று என்று சொல்லிக்கொண்டு சியுதாதானோஸ் கேட்டலோனியாவிலிருந்து நாடு முழுக்கப் பரவியது. 2008-ல் இரு பெரிய கட்சிகளுக்கும் சேர்த்து 323 இடம்; 2015-ல் 213.

ஊழல் கதையின் நாயகர் கட்சியின் பொருளாளர் லூயிஸ் பார்சேனாஸ். 2013 ஜனவரியில் அவருடைய சுவிஸ் கணக்கு வெளிப்பட்டது. ஒரு கட்டத்தில் அதில் 4.8 கோடி யூரோ வரை இருந்திருக்கிறது. மாதக் கடைசியில் எல் பாய்ஸ் நாளிதழ் கையால் எழுதிய ஒரு கணக்கை அச்சிட்டது. கட்டட ஒப்பந்தக்காரர்களிடம் வந்த கறுப்புப் பணமும் கட்சித் தலைவர்களுக்குப் போன உறைகளும் அதில் வரிசையாக இருந்தன. 'எம். ரஹோய்' என்றும் ஒரு பெயர். ரஹோய் மறுத்தார். மறுப்பை வெளியிட்ட விதம் அவருக்கே உரியது: பத்திரிகையாளர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, பக்கத்து அறையில் பேசியதைத் தொலைக்காட்சித் திரையில் காட்டினார்கள். கேள்விக்கு இடமில்லை. விலகிய பொருளாளருக்கு ஏன் மாதாமாதம் சம்பளம் போனது என்று கேட்டதற்கு, அது தள்ளிவைத்துத் தரப்படும் பணிநீக்க இழப்பீடு, ஒருவகைப் பாவனை என்று பொதுச் செயலாளர் கொஸ்பெதால் திக்கித் திணறிச் சொன்ன காட்சி இன்றும் இணையத்தில் சுற்றுகிறது. ஜூலையில் எல் முண்டோ நாளிதழ் பார்சேனாஸுக்குப் பிரதமர் அனுப்பிய குறுஞ்செய்திகளை வெளியிட்டது. சுவிஸ் கணக்கு அம்பலமான பிறகு அனுப்பியது அதில் ஒன்று: 'லூயிஸ், புரிகிறது. உறுதியாக இரு.' ஆகஸ்ட் 1-ல் நாடாளுமன்றத்தில் ஒப்புக்கு வருந்தினார். நம்பியது தவறு என்றார். பதவி விலகவில்லை. பெரும்பான்மை இருந்தது, வழக்கு மெதுவாக நகர்ந்தது, செய்தியும் பழசானது.

கேட்டலோனியாதான் இந்த முறையின் எல்லையைக் காட்டியது. அதன் தன்னாட்சிச் சட்டம் 2006-ல் ஸ்பெயின் நாடாளுமன்றத்திலும் கேட்டலோனியப் பொதுவாக்கெடுப்பிலும் நிறைவேறியது. எதிர்க்கட்சியாக இருந்த ரஹோய் நாடெங்கும் கையெழுத்து இயக்கம் நடத்தினார், அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கும் போனார். நான்கு ஆண்டு இழுத்து 2010 ஜூனில் வந்த தீர்ப்பு 14 பிரிவுகளை முழுதாகவோ பகுதியாகவோ வெட்டியது. மக்கள் வாக்களித்ததை நீதிபதிகள் வெட்டினார்கள் என்ற ஆத்திரம் அங்கே தொடங்கியது. 2012 செப்டம்பரில் கேட்டலோனிய முதல்வர் ஆர்துர் மாஸ் மாட்ரிட் வந்தார். பாஸ்க் நாடும் நவாராவும் தங்கள் வரியைத் தாங்களே வசூலித்துக்கொள்கின்றன. எங்களுக்கும் அதுபோல் ஓர் ஏற்பாடு வேண்டும் என்றார். ரஹோய் அரசியலமைப்பில் இடமில்லை என்றார். சட்டப்படி அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அரசியல்வாதியின் வேலை அந்தப் பதிலுக்குப் பிறகுதானே தொடங்குகிறது? கேட்டலோனியாவில் 1980-களில் ஒரு மூலைக் கருத்தாக இருந்த பிரிவினை இப்போது பெரிதாக எழுந்தது. சிக்கன நடவடிக்கையில் சிக்கிய தன் அரசின் மீதிருந்த கோபத்தை மாட்ரிட் பக்கம் திருப்ப மாஸுக்கும் அது வசதியாக இருந்தது. குற்றம் ஒரு பக்கம் மட்டும் இல்லை.

2017 அக்டோபர் 1 பொதுவாக்கெடுப்பை நீதிமன்றம் தடை செய்தது. நடக்கவே நடக்காது என்றார் ரஹோய். வெளியிலிருந்து வரவழைத்த போலீசாரைத் தங்கவைக்கப் பார்சிலோனாத் துறைமுகத்தில் ஒரு பயணிகள் கப்பலை வாடகைக்குப் பிடித்து நிறுத்தினார்கள். கப்பலின் பக்கவாட்டில் ட்வீட்டி என்ற மஞ்சள் கார்ட்டூன் குருவி பெரிதாக வரைந்திருந்தது. ஊரே சிரித்ததும் அதைத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். குருவியை விடுதலை செய் என்று இணையத்தில் இயக்கம் கிளம்பிவிட்டது. வாக்குப்பெட்டிகளை உளவுத் துறையும் போலீசும் வாரக்கணக்கில் தேடின. மூடி போட்ட வெள்ளை பிளாஸ்டிக் தொட்டிகள் அவை. தொண்டர்கள் வீடுகளில் ஒளித்துவைத்து அன்று விடிகாலையில் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பிறகு தடியடி. வரிசையில் நின்ற வயதானவர்களைப் போலீஸ் இழுத்துத் தள்ளும் படம் உலகெங்கும் போயிற்று. 22 லட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்ததாகவும் அவர்களில் 90 சதவீதம் ஆம் என்றதாகவும் கேட்டலோனிய அரசு கூறியது. வாக்களிக்க வராதவர்கள் அதைவிட அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும்.

அக்டோபர் 27-ல் கேட்டலோனிய நாடாளுமன்றம் தனிநாடு அறிவித்தது. அன்றே செனட் ஒப்புதலுடன் அரசியலமைப்பின் 155-ஆம் பிரிவை, வரலாற்றில் முதல் முறையாக, ரஹோய் பயன்படுத்தினார். மாகாண அரசைக் கலைத்து, இரண்டு மாதத்துக்குள் தேர்தல் என்றார். முதல்வர் பூஜ்டிமோன் பெல்ஜியம் போய்ச் சேர்ந்தார். துணை முதல்வர் ஜுன்கேராஸ் சிறைக்குப் போனார். டிசம்பர் 21 தேர்தலில் பிரிவினைக் கட்சிகளே மறுபடி பெரும்பான்மை பெற்றன. பிரிவினையை எதிர்த்தவர்களின் வாக்கு சியுதாதானோஸுக்குக் குவிந்தது. நாட்டை ஆண்ட கட்சிக்குக் கேட்டலோனியாவின் 135 இடங்களில் கிடைத்தது 4.

இதற்குள் ரஹோய் சிறுபான்மைப் பிரதமராகிவிட்டிருந்தார். 2015 தேர்தலில் 123 இடம். ஆட்சியமைக்க மன்னர் அழைத்தபோது எண்ணிக்கை இல்லை என்று மறுத்துவிட்டு வீட்டில் இருந்தார். சோஷலிஸ்ட் தலைவர் பெட்ரோ சாஞ்செஸ் முயன்று தோற்றார். 2016 ஜூனில் மறுதேர்தல், ரஹோய்க்கு 137. அவருக்கு வழிவிட மாட்டேன் என்று அடம்பிடித்த சாஞ்செஸை அவர் கட்சியே அக்டோபர் 1-ல் தலைமையிலிருந்து இறக்கியது. சோஷலிஸ்டுகள் வாக்களிக்காமல் ஒதுங்க, ரஹோய் பிரதமரானார். எதிரி தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும்வரை காத்திருந்ததைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை. வாழ்நாள் முழுதும் அவர் ஆடிய ஆட்டத்தில் அது உச்சம்.

2018 மே 23-ல் பாஸ்க் தேசியக் கட்சியின் 5 வாக்குகளோடு பட்ஜெட் நிறைவேறியது. இன்னும் இரண்டு ஆண்டுக்குக் கவலையில்லை என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். மறுநாள் தேசிய நீதிமன்றம் கியூர்டெல் ஊழல் வழக்கில் தீர்ப்பளித்தது. பார்சேனாஸுக்கு 33 ஆண்டு. கட்சியே ஊழலில் பலனடைந்தது என்று 2,45,000 யூரோ செலுத்த உத்தரவு. சாட்சியாக வந்து கறுப்புக் கணக்கு எதுவும் இல்லை என்று ரஹோய் சொன்னது நம்பத்தகுந்ததல்ல என்றும் தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். 84 உறுப்பினர்களை மட்டுமே வைத்திருந்த சோஷலிஸ்ட் கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. ஸ்பெயினில் அந்தத் தீர்மானத்திலேயே அடுத்த பிரதமர் யார் என்று பெயர் இருக்க வேண்டும். வெறுமனே கவிழ்க்க முடியாது. பெயர் சாஞ்செஸ். கட்சித் தலைமைக்கு மீண்டு வந்திருந்தாலும் அப்போது அவர் எம்.பி.கூட இல்லை.

மே 31 விவாதத்தின்போது, இப்போதே விலகினால் தீர்மானத்தை இத்தோடு விட்டுவிடுகிறோம் என்று சாஞ்செஸ் சொன்னார். ரஹோய் விலகவில்லை. மதிய இடைவேளையில் பாஸ்க் கட்சியும் கைவிட்டது தெரிந்தது. பிறகு அவர் அவைக்குத் திரும்பவேயில்லை. அல்காலா வளைவுக்கு அருகே ஓர் உணவகத்தின் மாடியில் சகாக்களோடு சாப்பிட உட்கார்ந்தவர் இரவு பத்து மணி வாக்கில்தான் இறங்கினார். பிரதமரின் காலி இருக்கையில் துணைப் பிரதமர் சொராயா சயென்ஸின் கைப்பை இருந்த படம் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஜூன் 1-ல் 180 வாக்குகள் ரஹோய்க்கு எதிராக, 169 ஆதரவாக. ஸ்பெயின் ஜனநாயகத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் வீழ்ந்த முதல் பிரதமர். சில வாரங்களில் அலிகான்தே கடற்கரையில் சாந்தா போலா ஊருக்குப் போய்த் தன் பழைய பதிவாளர் வேலையில் சேர்ந்தார்.

அவர் விட்டுப்போன கூரை உடைந்தது. கேட்டலோனியா விஷயத்தில் கோழை என்று ரஹோயைத் திட்டிய முன்னாள் மக்கள் கட்சிக்காரர் சாந்தியாகோ அபாஸ்கலின் தீவிர வலதுசாரி வாக்ஸ் கட்சி, 2018 டிசம்பரில் ஆந்தலூசியாவில் 12 இடம் பிடித்தது. 2019 ஏப்ரலில் பாப்லோ கசாடோ தலைமையில் மக்கள் கட்சி 66 இடத்துக்குச் சுருங்கியது. அதே ஆண்டு நவம்பரில் வாக்ஸுக்கு 52. ரஹோயின் தொழிலாளர் சட்டத்தை 2022-ல் திருத்தினார்கள். அது ஒரே ஒரு வாக்கில் நிறைவேறியது. மக்கள் கட்சி உறுப்பினர் ஒருவர் கணினியில் தவறான பொத்தானை அழுத்தியதால் வந்த வாக்கு அது! சியுதாதானோஸ் கரைந்துபோனது, அதன் வாக்காளர்கள் பெரும்பாலும் தாய்வீடு திரும்பினார்கள்.

2023 ஜூலையில் இன்னொரு கலீசியாக்காரரான ஆல்பெர்தோ நூன்யெஸ் ஃபெய்ஹோ 137 இடத்துடன் கட்சியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். வாக்ஸின் 33, நவாராவிலிருந்தும் கானரித் தீவுகளிலிருந்தும் தலா ஒன்று: மொத்தம் 172. தேவை 176. பாஸ்க் தேசியக் கட்சியிடம் அப்போதும் அதே 5 இடம் இருந்தது, சேர்ந்திருந்தால் 177. வாக்ஸ் இருக்கும் பக்கம் வர மாட்டோம் என்று அவர்கள் பேச்சுக்கே இடம் கொடுக்கவில்லை. பூஜ்டிமோன் கட்சியின் 7 பேர், பிரிவினைவாதிகளுக்குப் பொதுமன்னிப்புச் சட்டம் என்ற விலைக்கு, சாஞ்செஸுக்கு வாக்களித்தார்கள்.